ஆவாரை பூத்த கொறங்காடு

தாராபுரத்திலிருந்து கரூர் போகிற சாலையில் மூலனூர்ப் பக்கம் வந்தாலே இரண்டு புறமும் கிளுவை வேலி தொடங்கிவிடும். வேலிக்குள் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேலாமரம், நிழலில் படுத்து அசைபோடும் காங்கேயம் மாடுகள். கொறங்காடு என்போம். பஸ் ஜன்னல் வழியே பார்க்கும் வெளியூர்க்காரர்கள் தரிசு என்பார்கள். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களுக்கு வானத்தை நம்பி யாரும் அங்கே எதையும் திட்டமிடுவதில்லை. மாட்டையும் புல்லையும் நம்பித்தான் பிழைப்பு.

அம்மாவின் ஊர் அது. நான் விவரம் அறிந்தபோது கோயமுத்தூர் மாவட்டம். 1979இல் பெரியார் மாவட்டமானது, பிறகு அதுவே ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது, 2009இல் திருப்பூரோடு சேர்த்தார்கள். அம்மாவின் அம்மாவான அம்மாயிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கடைசிவரை 'தாராபுரம் தாலுக்கா' என்பதோடு முகவரியை முடித்துக்கொண்டார்.

அந்த ஊரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஆவாரையின் மஞ்சள். வண்டித்தடத்தின் ஓரம், வரப்பு, கல்லாங்குத்து, இடிந்த கிணற்று மேடு என்று மனிதன் கைவிட்ட இடமெல்லாம் ஆவாரைதான். ஆள் உயரத்துக்குக் குத்துக்குத்தாக நிற்கும். சித்திரை வெயிலில் புல் வெளுத்துச் சாம்பலாகிக் கிடக்கும்போதும் இலை பச்சையாக இருக்கும். நாலு தூறல் விழுந்தால் போதும், கிளை நுனியெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூ. மாடு வாய் வைக்காது. வேறு தழை கிடைக்கிறவரை வெள்ளாடுகூடச் சீண்டாது. மேய்ச்சலுக்கென்றே விட்ட காட்டில் அது பிழைத்துக் கிடந்ததற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கொன்றையையும் பொன்னாவரையையும் பார்த்துவிட்டு ஆவாரை என்று சொல்கிறவர்கள் இப்போது அதிகம். அடையாளம் சுலபம். இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் காது மடல் மாதிரி அகலமாக ஒரு சிற்றிலை உட்கார்ந்திருக்கும். காய் சப்பையாக, காய்ந்தால் காகிதம்போல் சலசலக்கும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் ஏமாற மாட்டோம்.

காடு முழுக்கக் கிடக்கிற செடியை யாராவது வீட்டில் வளர்ப்பார்களா? அம்மாயி வளர்த்தார். தோட்டத்து வாசலில், துவைக்கிற கல்லுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஆவாரை நின்றது. கோடையில் ஒரு பிடி பூவுக்காகக் காடு வரைக்கும் நடக்க முட்டி வலி விடவில்லை என்று காரணம் சொன்னார். நட்டு வளர்த்த செடிதான். ஆனால் அவர் அதை வளர்த்த விதத்தைப் பார்த்தால் பராமரிப்பு என்று சொல்ல நாக்கு எழாது. துவைத்த தண்ணீர் அந்தப் பக்கம் போகக் கூடாதென்று மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பி வாழைக்கு விட்டார். எருப் போடமாட்டார். நான் ஒருமுறை சொம்பில் தண்ணீர் கொண்டுபோனபோது, "அதுக்கு எதுக்குச் சாமி தண்ணி? ஊத்துனீனா இலையா உட்டுக்கிட்டு நிக்கும், பூக்காது" என்றார்.

விதை போடுவதில் மட்டும் அவருக்கு ஒரு முறை இருந்தது. ஆவாரை விதையின் தோல் கெட்டி. அப்படியே மண்ணில் போட்டால் பாதி விதை வருஷக்கணக்கில் தூங்கும். அதனால் விதையோடு மணலைக் கலந்து பழைய துணியில் மூட்டையாகக் கட்டிக் கல்லில் தேய்ப்பார். தோல் லேசாகச் சிராய்ந்ததும் ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு, ஊதியதை மட்டும் பொறுக்கி, எங்கே செடி வேண்டுமோ அங்கேயே ஊன்றிவிடுவார். நாற்று விட்டுப் பிடுங்கி நடுகிற பேச்சே கிடையாது. மேலே நாலு இலை விடுவதற்குள் ஆணிவேர் கீழே வெகுதூரம் போயிருக்கும், அது அறுந்தால் செடி தேறாது. தை முடிந்ததும் அரிவாளால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார். வெட்டிய இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கொழுந்து கிளம்பும். கைக்கு எட்டுகிற உயரத்தில் பூ வேண்டுமே!

அந்தப் பூவை என்னவெல்லாம் செய்தார் என்று இப்போது எண்ணிப் பார்த்தால், நாங்கள் அதைத் தின்றோம், தேய்த்துக் குளித்தோம், குடித்தோம். காம்பும் புல்லியும் நீக்கிய இதழைப் பச்சைப்பயறோடு வேகவைத்துச் சின்ன வெங்காயம், வரமிளகாய் தாளித்துக் கடைவார். லேசான துவர்ப்பும் ஓரத்தில் ஒரு கசப்பும் இருக்கும். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டோம் என்று சொன்னால் பொய். கம்பஞ்சோற்றோடு அது ஒத்துப்போகும் என்று பெரியவர்கள் சொன்னதை நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. மிஞ்சிய பூ திண்ணை நிழலில் முறத்தில் காயும். வெயிலில் காயவிட்டால் நிறம் போய்விடும். காய்ந்ததைப் பயறோடு அரைத்துக் குளிக்கப் பொடி. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் தலைக்கு அரப்பு, உடம்புக்கு இந்தப் பொடி. வேர்க்குரு வந்த முதுகில் அதைத் தேய்க்கும்போது கிடைத்த சுகத்துக்கு எந்த சோப்பும் ஈடில்லை என்று இன்றும் சொல்வேன்.

காட்டு வேலைக்குப் போகிற ஆம்பிளைகள் உருமாலுக்குள்ளே ஒரு கொத்து ஆவாரந்தழை வைத்துக் கட்டுவார்கள். மத்தியான வெயிலுக்குத் தலை கொதிக்காது. பல் துலக்க வேப்பங்குச்சி கிடைக்காத இடத்தில் ஆவாரங்குச்சி. அமராவதிக் கரையில் நெல் வயல் வைத்திருந்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து தழையை அறுத்துப்போய்ச் சேற்றில் மிதித்தார்கள். உவர் ஏறிய வயலுக்கு ஆவாரந்தழை நல்லது என்பது அவர்கள் கண்டது.

இதையெல்லாம்விடப் பெரிய கதை பட்டையினுடையது. அதை நான் அம்மாவின் அப்பாவான அப்புச்சி சொல்லித்தான் அறிவேன். அவருடைய இளவயதில் பட்டை உரிக்கிற குடும்பங்கள் மழை விட்ட கையோடு வந்து காட்டோரம் தங்குமாம். ஈரம் இருக்கும்போதுதான் பட்டை லேசாகக் கழன்றுவரும். இரண்டு மூன்று வருஷக் கிளையை வெட்டி, கட்டையால் தட்டினால் பட்டை சுருளாகப் பிரியும். காயவைத்துக் கட்டுக் கட்டி வண்டியேற்றினால் ஈரோடு, திண்டுக்கல், திருச்சி என்று தோல் ஷாப்புகளுக்குப் போகும். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கிய ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும், இடித்த ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டால் பட்டையின் துவர்ப்பு தோலில் இறங்கிப் பதமாகும். ஆவாரையில் மட்டும் பதமான தோலுக்கு ஒரு குறை உண்டு, வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அதனால் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒருமுறை. அப்படித் தயாரான வெளிர்மஞ்சள் தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி லண்டன் போனது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் போட்ட பூட்ஸின் மேல்தோலில் சென்னை மாகாணத்துச் சரக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி 1904இல் இந்த மாகாணத்துத் தோல் தொழிலைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

பிறகு தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை வந்தது. துவர்ப்பு அதில் இரண்டு மடங்குக்கு அருகில், வேலையும் சீக்கிரம் முடியும். அதே வாட்டிலை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வனத்துறையே மலை மலையாக நட்டது. அதனால் அங்கே புல்வெளிகள் போன கதை தனி. ஆவாரம்பட்டைக்கு ஆள் வருவது குறைந்து, எனக்குத் தெரிந்து எங்கள் காட்டோரம் அப்படி யாரும் தங்கியதில்லை. தோல் ஷாப்புத் தொட்டிகளுக்குள் இறங்கி நின்றவர்களின் வாழ்க்கை டி. செல்வராஜின் 'தோல்' நாவலில் இருக்கிறது. திண்டுக்கல்லைக் களமாகக் கொண்டது, 2012இல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. அதைப் படித்தபோதுதான், எங்கள் காட்டுப் பூவின் மறுமுனையில் என்ன நாற்றமும் என்ன பாடும் இருந்தன என்பது எனக்கு உறைத்தது. அப்புச்சி சொன்ன கதையில் வண்டி கிளம்பியதோடு சரி.

தை நோம்பிக்கு வருகிறேன். மார்கழி கடைசி நாள் சாயங்காலம் காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துச் சிறு கட்டாகக் கட்டி வீட்டு இறவாரத்தில், கட்டுத்தரையில், கிணற்று மேட்டில், காட்டுக்கு நாலு மூலையில், குப்பைமேட்டில்கூடச் செருகுவோம். இந்தக் கூட்டணி எனக்கு வெகுநாளாக வேடிக்கையாக இருக்கிறது. சங்கப் பாட்டில் காதல் கைகூடாமல் பனைமடல் குதிரையேறி ஊர்த்தெருவில் வருகிறவன் சூடுவதும் ஆவிரை, பூளை, எருக்கு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களிலும் ஆவிரைக்கு இடம் இருக்கிறது. ஊரே சிரிக்கும் வேடத்துக்கு உதவிய பூ எந்த நூற்றாண்டில் வீட்டுக்குக் காவல் ஆனதோ!

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி. கொங்கு நாட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வருஷத்தில் கிடைக்கிற ஒரே சுதந்திர நாள் என்று அம்மா சொல்வார். கூடையும் தின்பண்டமுமாகக் கிளம்பி, காட்டில் ஆவாரம்பூ பறித்து, பாட்டுப் பாடி, கும்மி அடித்து, இருட்டுவதற்குள் திரும்புவார்கள். எங்களைப் போன்ற பொடியன்களைக் கரும்புக்கட்டுத் தூக்குவதற்காகச் சேர்த்துக்கொள்வார்கள். கச்சாயத்தில் பங்கு உண்டு. அம்மாவின் சித்தி ஒருவர், மற்ற நாளெல்லாம் வாயைத் திறக்காதவர், அன்றைக்கு முன்பாட்டுப் பாடுவார். ஊர்ப் பெரியவர்களைப் பேர் சொல்லாமல் பாட்டிலேயே வைது தீர்ப்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் பழையபடி தலையைக் குனிந்து சாணி அள்ளிக்கொண்டிருப்பார். அவர் போன பிறகு அந்தப் பாட்டுகளை முழுசாகப் பாட அங்கே யாரும் இல்லை. தெலங்கானாவில் இதே பூவைத் தங்கேடு என்று தட்டில் அடுக்கிப் பதுக்கம்மா கொண்டாடுகிறார்கள், மாநிலப் பூவாகவும் அறிவித்துவிட்டார்கள். நம் பக்கம் அரசு மரியாதை எதுவும் வேண்டாம், பூப்பறிக்கப் போக ஒரு காடு மிஞ்சினால் போதும்.

மருந்துப் பேச்சையும் சொல்லிவிடுகிறேன். ஆவாரை பூத்த ஊரில் சாவே கிடையாது என்கிற பழமொழியை இன்று நாட்டுமருந்துக் கடைகளில் அட்டையில் எழுதித் தொங்கவிடுகிறார்கள். எங்கள் ஊரைவிட ஆவாரை பூத்த ஊர் இல்லை, அங்கேயும் எல்லாரும் செத்துத்தான் போனார்கள். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் உண்டு. ஆவாரையோடு கொன்றை, நாவல், மருது முதலியவற்றைச் சேர்த்துக் கஷாயம் வைத்து நீரிழிவுக்குக் கொடுப்பார்கள். படித்த சித்த மருத்துவர் அளவு சொல்லிக் கொடுத்தால் அது வேறு. பொட்டலத்தில் வாங்கிய பூவைக் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. அம்மாயி கோடைக்காலத்தில் ஆவாரம்பூத் தண்ணீர் வைப்பார், பனங்கருப்பட்டி போட்டு. அதைச் சர்க்கரை வியாதிக்கு மருந்து என்று சொன்னால் அவரே சிரிப்பார்.

கொறங்காடு இப்போது பாதிக்குமேல் இல்லை. சாலையோரத்தில் மனையிடமாகக் கல் நட்டிருக்கிறார்கள். காற்றாலைகள் நிற்கின்றன. மூலனூர் முருங்கைக்கு நல்ல சந்தை இருப்பதால் மாமா மகன் புல்லை அழித்துச் சொட்டுநீர் போட்டு முருங்கை வைத்துவிட்டான். இதில் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மாட்டை வைத்துக்கொண்டு அவன் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது. வீட்டு வாசலில் சிமெண்ட் தளம் போட்டபோது துவைக்கிற கல்லோடு அம்மாயியின் செடியும் போனது.

ஆனால் கிழக்கு வேலியோரம் ஒரு நீளப் பட்டையாக ஆவாரையை மட்டும் ஜேசிபிக்காரனிடம் சொல்லி விட்டுவைத்திருக்கிறான். காப்புக் கட்டுக்காகவா என்று கேட்டேன்.

"அதில்லீங் மாமா. அதுல கருவண்டு வருதுங். அங்க வாற வண்டு அப்படியே முருங்கைக்கும் வருது. அந்தப் பக்கத்து வரிசையில காய் புடிப்பு நல்லா இருக்குதுங்."

அவன் கண்டது சரிதான். ஆவாரைப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் சும்மா உதிராது. மகரந்தப் பையின் நுனியில் சின்னத் துளைதான் இருக்கும். கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று உடம்பை அதிரவைத்தால்தான் தூள் கொட்டும். தேனுக்கு அது வேறு பூவைத் தேடியாக வேண்டும், முருங்கைப் பூவில் தேன் உண்டு. முருங்கைக்கு மகரந்தம் கொண்டுபோவதில் இந்த வண்டுக்கு முக்கியமான பங்கு என்று பூச்சியியல்காரர்களும் சொல்கிறார்கள். அவனுக்கு இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். மேற்கு வேலியோரமும் நாலு வரிசை வேண்டும், விதை எப்படி முளைக்கவைப்பது, போன ஐப்பசியில் அள்ளி வீசியது ஒன்றுகூட வரவில்லையே என்றான். மணலையும் பழைய துணியையும் எடுத்துவரச் சொன்னேன்.