பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

போர்ப் படங்களில் ஒருத்தரை மட்டும் நான் இதுவரை பார்த்ததே இல்லை. விமானி வருவார். டாங்கி ஓட்டுபவர் வருவார். காயம்பட்டவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடும் நண்பன் கட்டாயம் வருவான். ஆனால் துறைமுகத்தில் வெயிலில் நின்றுகொண்டு, கப்பலில் இருந்து இறங்குகிற கன்டெய்னரின் நம்பரைக் கையில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு டிக் அடிக்கிற சிப்பாய்? அவருக்கு ஒரு சீன் கூடக் கிடையாது.

இந்தப் பதிவு அவரைப் பற்றித்தான். "போயும் போயும் கன்டெய்னரா?" என்று கேட்கப் போகிற வகுப்புத் தோழர்களுக்கு: ஆமாம், கன்டெய்னர்தான். முழுசா படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க :-)

முதலில் கொஞ்சம் பழைய கதை. கன்டெய்னர் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் மால்கம் மெக்லீன். லாரி கம்பெனி நடத்திய அமெரிக்கர். 1956 ஏப்ரல் 26-ம் தேதி 'ஐடியல்-எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நெவார்க்கில் இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உலக வணிகமே அன்றைக்குத்தான் மாறியது என்பார்கள். ஆனால் அதற்கும் சில வருடங்கள் முன்பே அமெரிக்க ராணுவம் பெட்டியில் சரக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. 1940-களின் கடைசியில் 'ட்ரான்ஸ்போர்ட்டர்' என்று ஓர் இரும்புப் பெட்டி செய்தார்கள். எட்டரை அடி நீளம், சுமார் 4 டன் சரக்கு தாங்கும். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1952-ல் அதே மாதிரிப் பெட்டிகள் 'கோனெக்ஸ்' என்ற பெயரில் பெரிய அளவில் புழக்கத்துக்கு வந்தன. காரணம் ரொம்பச் சாதாரணமானது. மூட்டையாகவும் மரப்பெட்டியாகவும் அனுப்பினால் வழியில் உடைகிறது, திருடு போகிறது, ஒவ்வொரு இடத்திலும் இறக்கி ஏற்றுவதற்குள் நாள் கணக்கில் ஆகிறது.

பெட்டியின் அருமை முழுதாகப் புரிந்தது வியட்நாமில்தான். 1965 தொடக்கத்தில் அங்கே சுமார் 23,000 அமெரிக்கத் துருப்புகள் இருந்தார்கள். அந்த வருடம் முடியும்போது சுமார் 1,84,000 பேர். இத்தனை பேருக்கும் சோறு, துணி, குண்டு, மருந்து எல்லாம் பசிபிக் கடலைத் தாண்டி வர வேண்டும். வந்தும் விட்டது. ஆனால் இறக்க இடம் இல்லை! சைகோன் துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கப்பல்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. கரையில் மருந்துக்குத் தட்டுப்பாடு, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கப்பலில் மருந்து. இதைவிடக் கொடுமை வேறு என்ன?

மெக்லீன் தானே வியட்நாம் போய்ப் பார்த்தார். விடாமல் பேசிப் பேசி ஒப்பந்தம் வாங்கினார். 1967 ஆகஸ்டில் அவருடைய ஸீ-லேண்ட் கம்பெனியின் முதல் கன்டெய்னர் கப்பல் டா நாங் வந்தது. 226 பெட்டிகள். அதே நவம்பரில் காம் ரான் வளைகுடாவுக்கு 609 பெட்டிகளோடு இன்னொரு கப்பல் வந்தது. ஒவ்வொரு பெட்டியும் 35 அடி நீளம். பழைய முறையில் சரக்கு ஏற்றி வந்த சுமார் பத்துக் கப்பல்களின் சுமை அந்த ஒரே கப்பலில்!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வியட்நாமில் காலியான பெட்டிகளை மெக்லீன் சும்மா திருப்பி எடுத்துப் போகவில்லை. 1968 முதல் வழியில் ஜப்பானில் நிறுத்தி, ஏற்றுமதிச் சரக்கை நிரப்பிக்கொண்டு அமெரிக்கா போனார். போகும் வாடகையை ராணுவம் கொடுத்துவிட்டது, வரும் வாடகை லாபம்.

கப்பலில் இருந்து இறங்கியதோடு வேலை முடிந்துவிடாது. அங்கிருந்து முகாம் வரை லாரியில் போக வேண்டும். 1967 செப்டம்பர் 2-ம் தேதி, குயி நோன் - பிளெய்கு நகரங்களுக்கு நடுவே 19-ம் எண் சாலையில் ஒரு லாரி வரிசை தாக்கப்பட்டது. 7 ஓட்டுநர்கள் இறந்தார்கள், 17 பேர் காயம். அதற்குப் பிறகு லாரிக்காரர்கள் தாங்களாகவே மணல் மூட்டையும் இரும்புத் தகடும் கட்டி, மேலே இயந்திரத் துப்பாக்கி வைத்து, துணைக்குக் காவல் லாரிகளை உருவாக்கிக்கொண்டார்கள். 'சரக்குப் பிரிவுதானே, பின்னால் பத்திரமாக இருப்பார்கள்' என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சரி, பெட்டி வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் இதைப் படிக்கும்போது அப்படித்தான் நினைத்தேன். உண்மையான பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் மாமா ட்ரெய்லர் லாரி ஓட்டுகிறவர். துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போவார். ஒருநாள் அவரிடம், "மாமா, இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன். "எனக்கு எதுக்குடா மாப்ளே அது? சீல் உடையாம கொண்டுபோய்க் கொடுத்தா போதும். உள்ள என்னன்னு பேப்பருக்குத் தெரியும்" என்றார். அவர் சொன்னது சாதாரணமாகத்தான். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் மனதில் நின்றுவிட்டது. பேப்பருக்குத் தெரியும். அந்தப் பேப்பர் சரியாக இல்லை என்றால்?

அதற்குப் பதில் 1990-91 வளைகுடாப் போரில் இருக்கிறது. சவூதி அரேபியாவுக்கு அமெரிக்கா ஏறக்குறைய 40,000 கன்டெய்னர்களை அனுப்பியது. தம்மாம் துறைமுகத்தில் கிரேன்களுக்குப் பஞ்சம் இல்லை, கப்பல் நிறுத்த இடத்துக்கும் பஞ்சம் இல்லை. பெட்டிகள் மளமளவென்று இறங்கின. ஆனால் அவற்றில் பாதிக்கும் மேற்பட்டதைத் திறந்து பார்த்தால்தான் உள்ளே இருப்பது என்ன, யாருக்கு என்பது தெரியும் என்ற நிலை. ஒரே பெட்டிக்குள் நான்கைந்து பிரிவுகளுக்கான பொருட்கள் கலந்து கிடந்தன. பாலைவனத்தில் வரிசை வரிசையாக ஒரே மாதிரி இரும்புப் பெட்டிகள். அவற்றுக்கு 'இரும்பு மலைகள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதன் விளைவைக் கவனியுங்கள். முன்னணியில் இருக்கிற ஒரு பிரிவு உதிரிப் பாகம் கேட்டு ஆர்டர் போடுகிறது. வரவில்லை. வந்ததா இல்லையா என்று சொல்லவும் ஆள் இல்லை. மறுபடி ஆர்டர். அப்புறம் மூன்றாவது முறையும். மூன்றுமே வந்து, மூன்று வெவ்வேறு பெட்டிகளில் அதே மலைக்குள் மறைந்துகொள்கின்றன. நம்பிக்கை இல்லாததால் ஆர்டர் கூடுகிறது, ஆர்டர் கூடுவதால் மலை வளர்கிறது, மலை வளர்வதால் நம்பிக்கை இன்னும் குறைகிறது. இந்தச் சக்கரத்தை எந்தக் கிரேனாலும் நிறுத்த முடியாது. அந்தப் போரின் சரக்கு வேலையை நடத்திய ஜெனரல் கஸ் பகோனிஸ் பின்னர் எழுதிய புத்தகத்தின் பெயரே 'மலைகளை நகர்த்துதல்' என்பதுதான்.

இந்த வேலைக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அமெரிக்கத் தரைப்படையில் 'இன்லண்ட் கார்கோ ட்ரான்ஸ்ஃபர் கம்பெனி' என்று ஒன்று. (கம்பெனி என்றால் வியாபாரம் இல்லைங்க, ராணுவப் பிரிவு.) லாரி, ரயில், விமானம் எதில் வந்தாலும் சரக்கை இறக்கி, பிரித்து, அடுத்த வண்டியில் ஏற்றுவது இவர்கள் பொறுப்பு. கடற்படையில் கப்பல் சரக்கு இறக்குவதற்கென்றே ஒரு பட்டாலியன் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் இருக்கிறது. பிரிட்டனில் மார்ச்வுட் ராணுவத் துறைமுகத்தில் 17-வது துறைமுக ரெஜிமென்ட் உண்டு.

இவர்களிடம் இருக்கும் ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லாமல் போனால் மெக்கானிக்கல் பசங்க கோபித்துக்கொள்வார்கள். ஆர்.டி.சி.எச். என்று பெயர், சிப்பாய்கள் 'ரேச்' என்பார்கள். ஆள் உயரச் சக்கரம், முன்னால் நீண்ட கை. சுமார் 24 டன் கன்டெய்னரைப் பொம்மை மாதிரித் தூக்கும். மணலில் ஓடும். ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீரிலும் இறங்கி வேலை செய்யும், ஏனென்றால் போரில் எல்லா இடத்திலும் துறைமுகம் கட்டி வைத்திருக்க மாட்டார்கள். தவிர, கிரேனே இல்லாமல் 20 அடி கன்டெய்னரைத் தன் முதுகில் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும் லாரிகளும் இருக்கின்றன.

வளைகுடாப் போரில் பட்ட பாட்டுக்குப் பிறகு பெட்டிகளில் ரேடியோ டேக் மாட்டத் தொடங்கினார்கள். பெட்டி எங்கே இருக்கிறது, உள்ளே என்ன என்பதை அந்தச் சின்னக் கருவியே சொல்லிவிடும். பிரச்சினை முடிந்ததா? 2003-ல் ஈராக் போர். அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஒரு கணக்குச் சொன்னது. அனுப்பியதாகச் சொன்ன சரக்குக்கும், வந்து சேர்ந்ததாக ஒப்புக்கொண்ட சரக்குக்கும் இடையே 120 கோடி டாலர் வித்தியாசம்! டேக்கை எல்லோரும் ஒரே மாதிரி பயன்படுத்தவில்லை. சரக்கைக் கலந்து கட்டியதால் குவைத்தில் இறக்கிப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. உதிரிப் பாகம் வராததால் ஒரு வண்டியில் இருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டினார்கள்.

எனக்கு இதில் இருந்து புரிந்தது ஒன்றுதான். பெட்டி ஒரு பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் பெட்டி எல்லாவற்றையும் மூடி ஒரே மாதிரி ஆக்கிவிடுகிறது. மூட்டையாக வந்த காலத்தில் பார்த்தாலே அரிசி எது, சிமென்ட் எது என்று தெரியும். பெட்டியில் ரத்தம் உறைய வைக்கும் மருந்தும் டாய்லெட் பேப்பரும் வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுதான். அந்த இரண்டையும் வேறுபடுத்துவது பட்டியல் மட்டுமே. அதை ஒழுங்காக எழுதுகிற, சரிபார்க்கிற ஓர் ஆள் மட்டுமே. கருவி அவருக்கு உதவி செய்யும், அவர் செய்ய வேண்டியதைச் செய்யாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, சரக்கு சரியாகப் போனால் போரில் ஜெயித்துவிடலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காம் ரானில் 609 பெட்டிகளை இறக்கியவர்கள் கடைசியில் வியட்நாமை விட்டுப் போனார்கள். எதிர்ப்பக்கம் காட்டுப்பாதையில் சைக்கிளிலும் தலைச்சுமையிலும் கூடச் சரக்கு கொண்டுபோனவர்கள் 1975-ல் சைகோனுக்குள் வந்தார்கள். எதற்காகப் போர் என்ற கேள்விக்குக் கன்டெய்னரில் பதில் இல்லை. அதே பெட்டியில்தான் குண்டும் போகிறது, குளுக்கோஸும் போகிறது.

ஆனாலும் கடைசியில் ஏதோ ஒரு முகாமில் ஒருவர் காத்துக்கொண்டு இருக்கிறார். அவருக்கு வர வேண்டியது வருமா என்பதை முடிவு செய்வது பல நேரம் தளபதி இல்லை, துறைமுகத்தில் டிக் அடிக்கிற அந்த முகம் தெரியாத ஆள். அவர் மேல் நம்பிக்கை இருந்தால் ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள், இல்லாவிட்டால் மூன்று முறை கேட்பார்கள்.

நம் நாட்டு ராணுவத்திலும் சப்ளை வேலைக்கென்றே ஏ.எஸ்.சி. என்ற பிரிவு இருக்கிறது. உங்கள் தாத்தாவோ சித்தப்பாவோ அதில் இருந்திருந்தால், அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது துப்பாக்கிக் கதை கேட்காதீர்கள். சரக்குக் கதை கேளுங்கள். நிறைய இருக்கும், யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் இங்கேயும் வந்து சொல்லுங்க.