ஒன்பது முனைகள்

எங்கள் இரவுப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஓர் இசைக்குழு உண்டு. இரண்டு பறை, ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டார், ஒரு டிஸ்டார்ஷன் பெடல். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பறையையும் கானாவையும் கிட்டாரோடு மேடையேற்றியதை யூடியூபில் பார்த்துப் பார்த்துத் தொடங்கிய குழு. ஏப்ரல் 14-க்கு நான்கு நாள் முன்பு பெடலின் பிளாஸ்டிக் பெட்டி பிளந்தது. கால் சுவிட்சும் செத்துவிட்டது.

"குடுங்கக்கா, நான் பாக்குறேன்" என்றான் ஒரு தம்பி. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை லைனில் நிற்பவன். மூன்று ஆண்டு வேலை செய்தும் அடையாள அட்டையில் இன்னும் 'பயிற்சியாளர்'தான். எட்டு மணி நேரமும் இரண்டு ஒயரை சால்டர் வைத்து அடுத்தவரிடம் தள்ள வேண்டும். போன மாதம் நிரந்தரம் கேட்டான். "உனக்கு ஸ்கில் பத்தாது" என்று பதில் வந்தது.

ரிச்சி தெருவுக்குப் போய் அலுமினியப் பெட்டியும் ஒன்பது முனை சுவிட்சும் வாங்கி வந்தான். ஒரு ஒயரையும் வெட்டுவதற்கு முன் பழைய இணைப்புகளை நோட்டில் வரைந்துகொண்டான். சுவிட்சுக்கு 12 மில்லிமீட்டர் துளை போட்டான். ஒன்பது முனைகளும் மூன்று மூன்றாக நிற்கும். நடு மூன்றும் பொது முனைகள். மிதிக்கும்போது தொடர்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும். ஒன்றில் கிட்டார் ஒயர், ஒன்றில் ஆம்புக்குப் போகும் ஒயர், மற்றது எல்.இ.டி. விளக்குக்கு.

"பவர் சாக்கெட் மட்டும் பிளாஸ்டிக்ல இருக்கணும்க்கா. இந்த பெடல்ல நடுமுனை நெகட்டிவ், வெளிப்பக்கம் பாசிட்டிவ். பெட்டி முழுக்க கிரவுண்டு. இரும்பு சாக்கெட் போட்டா ஷார்ட் ஆயிடும்."

ஒவ்வொரு முனையிலும் இரண்டு மூன்று நொடிதான் சூடு வைத்தான். அதற்கு மேல் வைத்தால் சுவிட்சின் உள்ளே பிளாஸ்டிக் இளகிவிடுமாம். கடைசியில் மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தான்.

இவனுக்கா ஸ்கில் பத்தாது?

இவனுடைய தாத்தா பறையைத் தீயில் காய்ச்சுவார். தோல் எந்த அளவு இறுகினால் எந்த ஒலி வரும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். ஊர் அவரைச் சாவுக்கு அழைத்தது. கலைஞர் என்று ஒருநாளும் அழைக்கவில்லை. அன்று சாதி செய்ததை இன்று 'பயிற்சியாளர்' என்கிற அட்டை செய்கிறது. வேலையை வாங்கிக்கொள்வார்கள்; அறிவுக்கு மட்டும் பெயர் தர மாட்டார்கள். பெயர் தந்தால் கூலியும் உரிமையும் தர வேண்டுமே.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கள ஆய்வுக்கு வரும் மாணவத் தோழர்களே, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு எழுந்துவிடாதீர்கள். என்ன செய்யத் தெரியும் என்று கேளுங்கள். எத்தனை ஆண்டாகப் 'பயிற்சி' என்று கேட்டு எழுதுங்கள். அட்டையையும் சம்பளச் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். நாளை வழக்கு என்று வந்தால் அவைதான் பேசும்.

ஏப்ரல் 14 இரவு பெடல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவனிடம் இரண்டு தங்கச்சிகள் சால்டரிங் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த ஒன்பது முனைகளின் படம் இருக்கிறது.

ஜெய் பீம்.