உழுகிறவர் இருக்கும் பூங்கா

குளத்தூர்,
புதுக்கோட்டை மாவட்டம்.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். கனடாவில் உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ரூஜ் பூங்காவுக்குள் மக்காச்சோளக் கொல்லையும் கொட்டகையும் டிராக்டரும் இருக்கின்றனவே, பூங்காவுக்குள் விவசாயம் எப்படி வந்தது என்பது ஒன்று. குளத்துக்குக் கீழே உனக்கு வந்திருக்கும் உன் அப்பாவின் பங்கைப் பிளாட் போடுகிறவர்கள் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகப் படுகிறது. முதல் கேள்விக்கு உள்ள சரித்திரத்தைச் சொன்னால் இரண்டாவதற்கு வழி தானே தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

1972 மார்ச்சில் கனடாவின் மத்திய அரசு, டொராண்டோவுக்குக் கிழக்கே பிக்கரிங் பக்கம் இன்னொரு பெரிய விமான நிலையம் கட்டப்போவதாக அறிவித்தது. அதற்காக 18,600 ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. அதில் பெரும்பகுதி விளைநிலம். அந்த நாட்டு மண் தரவரிசையில் முதல் வகுப்பு என்று குறிக்கப்பட்ட மண் அது. கனடா அவ்வளவு பெரிய நாடாக இருந்தாலும், அந்தத் தரமுள்ள மண் மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ‘மனிதர்களா, விமானங்களா’ என்ற கேள்வியையே பெயராக வைத்து ஓர் இயக்கம் கட்டினார்கள். 1975-இல் ஒண்டாரியோ மாகாண அரசு, விமான நிலையத்துக்குச் சாலையும் கழிவுநீர் வசதியும் செய்து தர மாட்டோம் என்று கைவிரித்தது. மத்திய அரசு திட்டத்தை நிறுத்தி வைத்தது. அதே காலத்தில் மாண்ட்ரியல் அருகே மிராபெலில் இப்படியே விவசாயிகளை அப்புறப்படுத்தி, 1975-இல் விமான நிலையம் திறந்தே விட்டார்கள். 2004-இல் அங்கே பயணிகள் விமானம் நின்றுபோனது. நிலத்தை இழந்த குடும்பங்களுக்கு அந்த முப்பது வருடத்தை யாரால் திருப்பித் தர முடியும்?

பிக்கரிங்கில் ஓடுபாதை வரவில்லை. ஆனால் நிலமும் திரும்பி வரவில்லை. நேற்றுவரை சொந்த நிலத்தை உழுதவர்கள் அரசுக்குக் குத்தகைக்காரர்கள் ஆனார்கள். அந்தக் குத்தகையும் குறுகிய காலத்துக்கு, பெரும்பாலும் வருடா வருடம் புதுப்பிப்பது. இந்த இடத்தை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள். அடுத்த வருடம் இந்த நிலம் என் கையில் இருக்குமா என்று தெரியாதவர் வடிகால் வெட்ட மாட்டார், கொட்டகையைச் செப்பனிட மாட்டார், ஐந்து வருடம் கழித்துப் பலன் தருகிற எதையும் நட மாட்டார். அந்தந்த வருடம் விற்று முதலாகிற பயிரைத்தான் போடுவார். வீடுகள் பாழடைந்தன, பல இடிக்கப்பட்டன. கட்டடம் ஏறாமலே ஒரு விளைநிலப் பிரதேசம் மெலிந்து போக முடியும் என்பதற்கு அது சாட்சி.

இன்னொரு பக்கம், ஸ்கார்பரோவை ஒட்டிய ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வீடுகள் பெருகுவதைத் தடுக்க அங்குள்ள மக்கள் 1970-களிலிருந்தே போராடி வந்தார்கள். 1990-களில் அது ஒரு வட்டாரப் பூங்கா ஆனது. 2015-இல் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த வகையில் கனடாவுக்கு அதுதான் முதல் பூங்கா. விமான நிலையத்துக்கென்று எடுத்த நிலத்தில் பாதிக்கு மேல் அந்தப் பூங்காவோடு சேர்ந்தது. முழுமையாக அமையும்போது அதன் பரப்பு 79.1 சதுர கிலோமீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 19,500 ஏக்கர். ஒண்டாரியோ ஏரிக்கரையில் தொடங்கி வடக்கே மேட்டு நிலம் வரை டொராண்டோ, மார்க்கம், பிக்கரிங், அக்ஸ்பிரிட்ஜ் என்று நான்கு ஊர் எல்லைகளைத் தொட்டுப் போகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. நம் தமிழ்ச் சனம் அதிகம் வாழும் பகுதியை ஒட்டி இவ்வளவு பெரிய நிலம் காக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது.

சட்டம் வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. விளைநிலத்தையும் காடாக்கினால்தான் இயற்கை பிழைக்கும் என்று ஒரு சாரார் வாதாடினார்கள். தலைமுறையாக உழுதவரை வெளியேற்றிவிட்டு யாருக்குப் பூங்கா என்று விவசாயிகள் கேட்டார்கள். சட்டத்தில் இயற்கைப் பாதுகாப்பு உறுதியாக இல்லை என்று சொல்லி மாகாண அரசு தன் பங்கு நிலத்தைத் தராமல் நிறுத்தி வைத்தது. 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இயற்கைச் சூழலின் முழுமைக்கு முதலிடம் என்று எழுதினார்கள். அதோடு விவசாயம் தொடர்வதையும் சட்டத்துக்குள் கொண்டு வந்து, பூங்காவுக்குள் உழுகிறவர்களுக்கு 30 வருடம் வரை குத்தகை தருவதாக அறிவித்தார்கள். நீ பார்த்த மக்காச்சோளக் கொல்லை அங்கே நிற்பது அந்த 30 வருட உறுதியால்தான். சதுப்பு நிலங்களையும் ஓடைக்கரைகளையும் மீட்டெடுக்கும் வேலையில் அதே விவசாயிகள் பூங்கா நிர்வாகத்தோடு சேர்ந்து நிற்கிறார்கள்.

மிச்சமிருந்த 8,700 ஏக்கரின் கதை அதற்குப் பிறகும் இழுத்தது. 2025 ஜனவரியில்தான் அங்கே விமான நிலையம் கட்டப் போவதில்லை என்று மத்திய அரசு தீர்மானமாகச் சொன்னது. அறிவித்தவர் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த். அவருடைய தந்தை தமிழ்நாட்டுக்காரர். ‘மனிதர்களா, விமானங்களா’ இயக்கத்தில் இளைஞர்களாகச் சேர்ந்தவர்கள் அந்த அறிவிப்பைக் கேட்பதற்குள் ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

காகிதத்தில் எழுதியது மட்டும் போதாது என்பதற்கும் அதே பக்கத்தில் உதாரணம் உண்டு. 2005-இல் டொராண்டோவைச் சுற்றி சுமார் 18 லட்சம் ஏக்கரைப் பசுமை வளையமாக மாகாண அரசு சட்டம் போட்டுக் காத்தது. 2022-இல் அதே மாகாணத்தின் வேறொரு அரசு, வீடு கட்ட என்று 7,400 ஏக்கரை அதிலிருந்து எடுத்தது. அதில் பெரும்பங்கு ரூஜ் பூங்காவை ஒட்டிய டஃபின்ஸ் ரூஜ் வேளாண் காப்பு நிலம். குறிப்பிட்ட சில நில முதலாளிகளுக்குச் சாதகமாக இது நடந்தது என்று 2023 ஆகஸ்டில் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை கொடுத்தார். மக்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த மாதமே முதல்வர் முடிவைத் திரும்பப் பெற்றார். ஊர் கண் விழித்திருந்ததால் சட்டம் பிழைத்தது.

இது பணக்கார நாட்டுக்கு மட்டும் ஆகிற காரியம் என்று நினைக்காதே. கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் 12,500 ஹெக்டேர் ஈரநிலம் இருக்கிறது. நகரத்தின் கழிவுநீரில் மீன் வளர்க்கிறார்கள், நெல்லும் காய்கறியும் விளைவிக்கிறார்கள். அதன் அருமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர். 1992-இல் உயர் நீதிமன்றம் அதை நிரப்பத் தடை போட்டது. 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆக்கிரமிப்பு இன்றும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் அது இன்னும் விளைகிறது என்றால், அங்கே மீன் பிடிக்கிறவரும் கீரை போடுகிறவரும் இருப்பதுதான் காரணம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன், தாயி. வற்றாத ஆறு பாயாத சீமை இது. மழை பெய்தால் குளம், குளம் நிறைந்தால் வயல். பல்லவர், முத்தரையர் காலத்திலிருந்தே குமிழிக் கல்லில் எழுத்து வெட்டி வைத்துத் தண்ணீரைக் காத்த பூமி. வரத்துவாரி, கரை, மடை, கலிங்கு, ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்துதான் ஒரு குளம். ஆயக்கட்டு வயலைப் பிளாட் போட்டுவிட்டால், மடை திறக்கவோ கரை பார்க்கவோ யாருக்கும் அவசியம் இருக்காது. வாய்க்கால் மண் மூடும். குளம் பயன்பாட்டில் இல்லை என்ற பேச்சு கிளம்பும். பிறகு ஒரு ஐப்பசியில் மழை கொட்டும்போது, தண்ணீர் பழைய வழியைத் தேடி வீட்டுக்குள் வரும். கிராம நிர்வாக அலுவலராக இந்த வட்டத்தில் வேலை பார்த்தவன் என்பதால், இது ஒவ்வொரு படியாக நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

திருச்சி இப்போது விமான நிலையத்தைத் தாண்டி மாத்தூர் பக்கமாக நம் வட்டத்துக்குள் வந்துகொண்டிருக்கிறது. ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் வண்ணக் கொடியும் எல்லைக் கல்லும்தான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உத்தரவிட்டது. அடுத்த வருடமே கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்த விதி வந்தது. மனையானது மனையாகவே நின்றது. நெடுவாசலில் 2017-இல் நம் மாவட்டத்து மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து உட்கார்ந்ததும், 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததும் உனக்குத் தெரியும். அதில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி என்று நம் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் இருக்கின்றன. நம் பக்கம் இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை, எண்ணெய்க் கிணற்றையும் சில ஆலைகளையும் தடுக்கிற சட்டம்தான் அது. வீட்டுமனையைத் தடுப்பதற்கு அதில் வழியில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். நிலத்தைக் காப்பது வேலியோ பெயர்ப்பலகையோ அல்ல. உழுகிறவருக்குக் கிடைக்கும் காலம்தான் அதைக் காக்கிறது. நம் ஊரில் வாய்ப்பேச்சுக் குத்தகைதான் அதிகம். 1955-ஆம் வருடத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து, எழுத்தில் கொடுத்தால் நிலம் திரும்பாது என்று உடைமைக்காரர்கள் பயப்படுகிறார்கள். எழுத்து இல்லாததால் உழுகிறவர் பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் அலைகிறார். ஆளை மாற்றி மாற்றி விடுகிறார்கள், இல்லையென்றால் தரிசாகப் போடுகிறார்கள். சீமைக் கருவேலம் ஏறுகிறது. அதற்குப் பிறகு புரோமோட்டர் வந்து, இது விளையாத நிலம்தானே என்கிறார். பிக்கரிங்கில் வருடக் குத்தகை செய்த அதே வேலையை இங்கே வாய்ப்பேச்சு செய்கிறது.

உன் அப்பாவின் பங்கு மடைக்கு நேர் கீழே இருக்கிறது. அது மனையானால் வாய்க்கால் அறுபடும். அதற்குக் கீழே உள்ளவர்களும் ஒவ்வொருவராக விற்க வேண்டியதுதான். உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரும் வெளிநாடுவாழ் இந்தியரும் இங்கே விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், விலைக்கு வாங்க முடியாது. இன்று விற்றால் நீ நாளை மனம் மாறி வயல் வாங்க வந்தாலும் சட்டம் விடாது.

ஆகவே, இப்போது உழுதுகொண்டிருப்பவருக்கே நீண்ட காலக் குத்தகையாக எழுதிக் கொடு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். டொராண்டோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் சான்றொப்பம் பெற்று அனுப்பினால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். சட்டம் அவருக்குப் பாதுகாப்பு தரும் என்பதைத் தெரிந்தேதான் சொல்கிறேன். அந்தப் பாதுகாப்புதான் நிலத்துக்கும் பாதுகாப்பு. என் பங்கையும் அதே மாதிரி எழுதப் போகிறேன். குளத்துக் கரையில் பனையும் புங்கனும் நட்டு நடைபாதை விடுவது, வயலும் தோப்பும் கரையும் சேர்ந்த இடத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊருக்கும் திறந்து வைப்பது என்று ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் கேட்கலாம் என்றிருக்கிறோம். தீர்மானம் மட்டும் நிலத்தைக் காக்காது. ஆனால் அது பதிவேட்டில் ஏறிவிட்டால், நாளைக்கு யாராவது வரத்துவாரியை மறிக்கும்போது ஊர் எழுந்து கேட்பதற்கு ஒரு பிடி இருக்கும்.

சொத்து உன்னுடையது, முடிவும் உன்னுடையது. விற்றால் வருத்தப்படுவேன், உறவில் ஒரு குறையும் வராது. ஆனால் ஆடிக்கு முன்னால் பதில் எழுது. ஆடிப்பட்டத்துக்குள் பத்திரம் கைக்கு வந்தால், இந்த வருடம் உழுகிறவர் அடுத்த வருடத்தையும் கணக்கில் வைத்து எரு அடிப்பார்.

அன்புடன்,
உன் பெரியப்பா.