சாம்பல் கல்லும் எங்க கிணறும்

எங்க ஓசூர் பக்கம் வீடு கட்டறவங்க நிறைய பேர் சூளைச் செங்கல்லை விட்டு சாம்பல் கல்லுக்கு மாறிட்டாங்க. ஃப்ளை ஆஷ் கல்னு சொன்னா உங்களுக்குத் தெரியும். அனல்மின் நிலையத்துச் சாம்பல், சுண்ணாம்பு இல்லன்னா சிமெண்ட், கொஞ்சம் ஜிப்சம், கூட எங்க கிருஷ்ணகிரி குவாரிகள்ல மிஞ்சற கிரஷர் பவுடர். சூளை வேணாம், விறகு வேணாம். அழுத்தி எடுத்து, தண்ணி விட்டு இறுக வெச்சா கல் ரெடி.

விவசாயியா எனக்கு இது பிடிச்ச விஷயம். சூளைக்காக மேல்மண்ணை வழிச்சுட்டுப் போன காட்டுல அப்புறம் கொள்ளு கூட சரியா வராது. 1999-ல் சாம்பலைப் பயன்படுத்தச் சொல்லி மத்திய அரசு போட்ட அறிவிக்கையிலேயே மேல்மண்ணைக் காப்பாத்தறது ஒரு காரணமா இருந்தது. நம்ம நாட்டு நிலக்கரியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு சாம்பல்தான். வருஷத்துக்கு 20 கோடி டன்னுக்கு மேல சேருது. எங்கயாவது போய்த்தானே ஆகணும்.

போன கோடையில அது என் பக்கத்துக் காட்டுப் பள்ளத்துக்கே வரப் பாத்தது. என் கிணத்துல இருந்து நாப்பது அடி.

"ஃப்ரீயா கொண்டுவந்து கொட்டறாங்கண்ணா. நீங்க மாட்டுக்கொட்டாய் கட்டினதும் இதே சாம்பல்தானே?"ன்னு கேட்டார் காட்டுக்காரர்.

நியாயமான கேள்வி. அதே சாம்பல்தான். அதுல ஆர்சனிக், ஈயம், குரோமியம், செலினியம் எல்லாம் சொற்பமா இருக்கு. கரி எரிஞ்சு போயிடும், இந்த உலோகங்கள்ல பெரும்பகுதி சாம்பல்லயே தங்கிடும். சும்மா கொட்டி வெச்சா ஒவ்வொரு மழையும் அதைக் கழுவி மண்ணுக்குள்ள இறக்கும். கல்லுக்குள்ள கதை வேற. சுண்ணாம்பும் சாம்பலும் ஈரத்துல சேர்ந்து ஒரு கூழ் உண்டாகுது. கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்னு பேரு. அது இறுக இறுக உலோகத்தைப் பிடிச்சுக்கும், தண்ணி நுழையற துளையும் சின்னதாயிடும். ஜிப்சத்தால வர்ற ஊசி மாதிரிப் படிகங்களும் கொஞ்சம் ஆர்சனிக்கை உள்ள இழுத்துக்கும். சிமெண்டே இல்லாம காஸ்டிக் சோடா, சோடியம் சிலிக்கேட் ஊத்தி இறுக்கற ஜியோபாலிமர் முறையும் உண்டு. சென்னை தரமணியில எஸ்.இ.ஆர்.சி. ஆய்வகம் அதுல வேலை செஞ்சிருக்கு.

ஆனா இந்தப் பிடிப்பு மெதுவாத்தான் வரும். நாலு நாள்ல லாரி ஏத்தற கல்லை நான் வாங்க மாட்டேன். மூணு வாரம் தண்ணி குடிச்ச கல்லுதான் வேணும்னு நின்னு வாங்கினேன்.

குரோமியம் மட்டும் தனி ரகம். அதோட ஆறு இணைதிறன் வடிவம் சுண்ணாம்புக் காரத்துக்கு அடங்காது, கரைஞ்சே நிக்கும். முதல்ல அன்னபேதி உப்பு போட்டு அதை மூணு இணைதிறனுக்கு இறக்கணும். ராணிப்பேட்டையில மூடின குரோமேட் ஆலையோட கழிவு நிலத்தடி நீரை என்ன பண்ணுச்சுன்னு நீங்க படிச்சிருப்பீங்க. ஓசூர்ல பிளேட்டிங் பட்டறைகளும் இருக்கு. அதனால கல் வாங்கறப்போ விலைக்கு முன்னாடி "சாம்பல் எங்கிருந்து வருது? வேற கசடு ஏதும் கலக்கறீங்களா?"ன்னு கேளுங்க.

கெலவரப்பள்ளி அணையில நுரை பொங்கினா டிவிக்காரங்க வந்துடறாங்க. ஆர்சனிக் நுரைக்காது.

இதையெல்லாம் சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு லோடு விழுந்துடுச்சு. அதை அள்ளி கல் அறுக்கற இடத்துக்கே திருப்பி அனுப்பினோம். லாரி வாடகை ஆளுக்குப் பாதி. பள்ளத்துக்கு ஏரி வண்டல் அடிச்சாச்சு. கிணத்துத் தண்ணியை, உலோகமும் சேர்த்துப் பாக்கச் சொல்லி டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்கேன். ரிசல்ட் வந்ததும் எழுதறேன்.