நாரணாபுரம்: பட்டாசும் கண்மாயும்

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் என் சித்திக்கு மூன்று ஏக்கர் கரிசல். முன்பு கம்பு, பருத்தி, இப்போது சீமைக்கருவேலம். "கம்பு விதைச்சா வானத்தைப் பார்க்கணும். பட்டாசு ஆலைக்குப் போனா சனிக்கிழமை கூலி வந்துரும்" என்கிறார். வெடிவிபத்துப் பயம் இருந்தும் போகிறார்.

இந்த வறண்ட பூமியை நிமிர்த்தியது வெளிநாட்டு உதவி அல்ல. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். மழை குறைவு என்ற குறையே தீக்குச்சி காய வசதியானது.

வெளிப்பணம் கண்மாய்களுக்குத்தான் வந்தது. தமிழ்நாட்டில் 1984-ல் ஐரோப்பிய உதவி. 2007-ல் உலக வங்கிப் பணத்தோடு 2,547 கோடி ரூபாய்த் திட்டம். (இது உதவியல்ல, திருப்பிக் கட்டவேண்டிய கடன்!) மடையும் கலுங்கும் புதிதானால் போதுமா? வரத்துக்கால் தூர்ந்தால் கண்மாய்க்குத் தண்ணீர் ஏது? ஆண்டுதோறும் அதை வெட்டிவிட வேண்டியவர்களோ ஆலையில் இருக்கிறார்கள்.

"புரட்டாசியில ஒரு ஏக்கரைத் திருத்திச் சோளம் விதைக்கலாமே சித்தி" என்றேன்.

"களையெடுக்க ஆளு? நீ வாரியா?" என்றார்.

தேதி கேட்டிருக்கிறேன்.