பாலும் பழமும் கட்டம்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சேலைகளைப் படம் எடுப்பதும் நானே. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 24 மெகாபிக்சல் கேமராவில் ஜரிகை இழை இழையாகத் தெரியும்போது, அந்தப் படத்தைச் சுருக்குவது சேலையையே கத்தரிப்பதுபோல இருக்கும்.

கடைக்காரருக்கு அந்தக் கர்வமெல்லாம் கிடையாது. "தம்பி, இது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கு. முந்தி தெரியறதுக்குள்ள அடுத்த கடைக்குப் போயிடுவாங்க" என்று போனை நீட்டினார்.

கணக்கு எளிது. என் படம் 6000க்கு 4000 புள்ளி. சேலை வாங்குகிறவர் கையில் இருக்கும் போன் திரையின் அகலம் பெரும்பாலும் 1080 புள்ளிதான். மிச்சமெல்லாம் அவருடைய டேட்டாவைத் தின்ன மட்டுமே பயன்படும். கோப்பை எவ்வளவு அழுத்திச் சுருக்கினாலும், திரையில் காட்டப் படத்தை விரிக்கும்போது ஒரு புள்ளிக்கு 4 பைட் வேண்டும். முழு அளவுப் படம் நினைவகத்தில் 96 எம்பி பிடித்துவிடும். அதனால் முதலில் அகலத்தைக் குறைக்க வேண்டும், தரத்தில் கைவைப்பது அப்புறம். இப்போது ஒவ்வொரு சேலைக்கும் 480, 800, 1200 அகலங்களில் பிரதி வைத்திருக்கிறேன். எது வேண்டுமென்று பிரவுசரே திரையைப் பார்த்து எடுத்துக்கொள்ளும்.

தரம் என்று வரும்போதுதான் பட்டு வம்பு செய்யும். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும்; நிற வேறுபாட்டை அவ்வளவு பார்க்காது. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் இந்தப் பலவீனத்தை நம்பித்தான் பிழைக்கிறது. வழக்கமான அமைப்பில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான் வைக்கும். முகத்துக்கும் மலைக்கும் அது போதும். ஆனால் பாலும் பழமும் கட்டம் போட்ட சேலையில் பொடிக் கட்டங்களின் நிறம் ஒன்றோடொன்று கசிந்துவிடும். அரக்குச் சிவப்பு கரையைத் தாண்டி வழியும். கரையையும் உடலையும் கோர்வை போட்டு இணைத்து நெய்தவர் பார்த்தால் சும்மா விடமாட்டார்.

2010இல் கூகுள் கொண்டுவந்த வெப்பி, கோப்பை நன்றாகவே சுருக்கும். ஆனால் அதன் இழப்புள்ள சுருக்கத்தில் இந்த நிறச் சிக்கனத்தை நிறுத்த வழியில்லை. ஏவிஃப் வடிவத்தில் முடியும். ஜேபெக்கிலும் சொன்னால் கேட்கும். ஆகவே ஒற்றை நிற உடல் சேலைகளை வெப்பியில் போடுகிறேன், 90 கேபியில் முடிந்துவிடும். கட்டம் போட்டவற்றை முழு நிறத் தகவலோடு ஏவிஃப்பில், 250 கேபி வரை விடுகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே தர எண்ணைப் போட்டு ஓட்டும் கருவிகள்மேல் எனக்கு மரியாதை இல்லை.

பக்கத்தில் கீழே இருக்கும் படங்கள் ஆள் உருட்டிவரும்போது இறங்கினால் போதும். முதல் படத்துக்கு மட்டும் அந்தச் சோம்பல் கூடாது. பக்கத்தின் மிகப் பெரிய கூறு இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்கிறது கூகுளின் அளவுகோல். கடைக்காரரின் அளவுகோல் அதைவிடக் கறார்.

பெரிய படத்தை நான் தூக்கிப்போடவில்லை. விரலால் தட்டினால் மட்டும் திறக்கும்படி ஒளித்து வைத்திருக்கிறேன். தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இழை இழையாக ஜரிகையைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்: "கரை எத்தனை இஞ்ச்?"