சிறைப்பட்டுப் பிழைத்த படம்

நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குச் செல்லும் சாலை பழைய திருவிதாங்கூரின் வரலாற்றுக்குள்ளேயே செல்வது. வழியில் உதயகிரிக் கோட்டை. அதனுள்ளே, குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டுப் பின்னர் வென்ற மன்னருக்கே படைத்தலைவராய் வாழ்ந்து மறைந்த டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை. சற்று அப்பால், வேளிமலையின் அடிவாரத்தில், 1795ஆம் ஆண்டுவரை நாட்டின் தலைநகராய் விளங்கிய பத்மநாபபுரத்து அரண்மனை. இந்த மண்ணின் அரசியலை மாற்றியமைத்தவர் 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர். அவர் அரியணை ஏறுமுன் பகைவருக்கு அஞ்சி ஊர் ஊராய் மறைந்து திரிந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் இன்றும் உண்டு.

அக்கதைகளுக்கு எழுத்துருவம் தந்தவர் சி. வி. இராமன் பிள்ளை. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த அவர் பத்திரிகைத் துறையிலும் ஈடுபட்டவர். அரசு அச்சகத்தின் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவர். அவர் எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் மலையாளப் புதினம் 1891இல் வெளிவந்தது. அதன் முதற்பதிப்பு அச்சேறியது சென்னையில்! மலையாளத்தின் முதல் வரலாற்றுப் புதினம் தமிழகத்து அச்சகத்தின் மையில் தோய்ந்து வெளிவந்ததை மொழிப்பற்றாளர் இருசாராரும் எண்ணிப் பார்க்கலாம். இளவரசரைக் கொல்லத் துடிக்கும் தம்பிமார், அவர்களுக்குத் துணைநிற்கும் எட்டுவீட்டுப் பிள்ளைமார், காட்டில் வெட்டுண்டு இறந்ததாகக் கருதப்பட்டுப் பின்னர்ப் பித்தன் வேடத்தில் இளவரசரைக் காக்கும் அனந்தபத்மநாபன், அவன் வருவான் என்று காத்திருக்கும் பாருக்குட்டி என்று விரியும் கதை அது. சூழ்ச்சி, மாறுவேடம், பிரிவு, கண்ணீர், இறுதியில் கூடல் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. திரைப்படம் என்னும் புதிய கலை எதிர்பார்த்துக் கிடந்ததும் இத்தகைய கதையைத்தான்.

நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் என்பவர் அக்கதையைப் படமாக்கத் துணிந்தார். ஸ்ரீ ராஜேஸ்வரி பிலிம்ஸ் என்பது அவர்தம் நிறுவனத்தின் பெயர். இயக்கியவர் பி. வி. ராவ். ஜெய்தேவ் மார்த்தாண்டவர்மராகவும், ஏ. வி. பி. மேனன் அனந்தபத்மநாபனாகவும், பத்மினி பாருக்குட்டியாகவும் நடித்தனர். படம் 1933இல் திருவனந்தபுரத்தின் காபிடல் திரையரங்கில் திரையிடப்பட்டது.

அது பேசாப்படம். ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச்சு மாதம் பம்பாயில் பேசத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ‘காளிதாஸ்’ சென்னையில் பாடவும் செய்துவிட்டது. மக்கள் குரல் கேட்கத் திரையரங்குக்கு ஓடிய காலத்தில், ஒலியில்லாத படமொன்றில் பொருளைக் கொட்டியது வணிகக் கண்ணுக்கு அறியாமையாகத் தோன்றலாம். ஆயினும் பேசாப்படத்துக்கு ஒரு பெரும் வசதி இருந்தது: அதற்கு மொழி எல்லை இல்லை. காட்சிகளுக்கிடையே எழுத்துப் பலகைகள் தோன்றும். எழுதப் படிக்கத் தெரியாதோர்க்கு அரங்கில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லுவார். ‘மார்த்தாண்டவர்மா’வின் எழுத்துப் பலகைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அமைந்தன. வீட்டில் தமிழும் நீதிமன்றத்தில் மலையாளமுமாக வாழ்ந்த நாஞ்சில் நாட்டாருக்கு இரண்டு மொழிகளுக்கிடையே நின்று கதை கேட்பது புதிதன்று.

சுந்தர்ராஜ் இத்துறைக்கு வந்தது தற்செயலன்று. அவருக்கு உறவினர் ஒருவர் முன்னோடியாக இருந்தார். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல் அவர். பல் மருத்துவர்; களரிப் பயிற்சியில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்; அக்கலையை உலகுக்குக் காட்டத் திரைப்படமே தக்க கருவி என்று நம்பித் தம் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் படப்பிடிப்புக் கூடம் அமைத்தவர். புராணக் கதைகளே படமாகி வந்த காலத்தில் குடும்பக் கதையொன்றை எடுத்துக்கொண்டு, தாமே எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, நடித்தும் ‘விகதகுமாரன்’ என்னும் படத்தை உருவாக்கினார். இன்று மலையாளத் திரையுலகின் தந்தை என அவரைப் போற்றுகின்றனர்.

அப்படத்தில் சரோஜினி என்னும் நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோசி. அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண். உயர்குடி மங்கையாக அவர் திரையில் தோன்றியதைப் பொறாத கூட்டம் திரையரங்கில் கல்லெறிந்தது. அவரது குடிசை தீக்கிரையானது. தாம் நடித்த படத்தைத் தாமே பார்க்கும் பேறும் அவருக்குக் கிட்டவில்லை. அவர் ஊரை விட்டு ஓடி, நாகர்கோவில் பக்கம் வந்து, வேறொரு பெயரில் இல்லறம் நடத்தி, எவரும் அறியாமல் வாழ்ந்து மறைந்தார். ஒரு பெண்ணின் ஒரே ஒரு படம் அவர் பெயரையே பறித்துக்கொண்டது. டேனியலோ பொருளனைத்தும் இழந்து, கடனடைத்து, மீண்டும் பல் மருத்துவத்துக்கே திரும்பினார்.

இவ்வளவும் கண்முன் நடந்த பிறகும் சுந்தர்ராஜ் படமெடுக்கத் துணிந்தார் என்பதை எண்ணினால், அம்மனிதரின் உள்ளம் ஓரளவு புலப்படும். சாதிக் கலவரம் எழாத கதையாக, மக்கள் முன்னமே படித்து மகிழ்ந்த கதையாக, மன்னர் குலமும் விரும்பும் கதையாகத் தேர்ந்தெடுத்தால் டேனியலுக்கு நேர்ந்தது தமக்கு நேராது என அவர் கருதியிருக்கக்கூடும். அவர் எண்ணாத திசையிலிருந்து அடி விழுந்தது.

புதினத்தின் பதிப்புரிமை திருவனந்தபுரத்துக் கமலாலயா புத்தகசாலையிடம் இருந்தது. நூலாசிரியர் 1922இலேயே காலமாகிவிட்டார். உரிய ஒப்புதலின்றிப் படம் எடுக்கப்பட்டதாகப் பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்தனர். படம் வெளிவந்தவுடனேயே தடையும் வந்தது. படச்சுருள் கைப்பற்றப்பட்டுப் பதிப்பகத்தாரிடம் சேர்ந்தது. அத்தோடு படத்தின் கதை முடிந்தது. சுந்தர்ராஜுக்கு நேர்ந்தது பேரிழப்பு.

பதிப்பகத்தாரைக் கொடியவராகச் சித்திரித்தால் கதை சுவைக்கும். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. ஒரு நூல் எழுதியவனுடைய உழைப்பின் பயன். அதை வேறொருவர் வேறொரு வடிவில் விற்றுப் பொருளீட்டும்போது கேள்வி கேட்க உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு என்பது இன்று எவரும் மறுக்காத நியாயம். அன்றோ நாடகக் குழுக்கள் கண்ட கதையையும் கேட்ட கதையையும் எடுத்தாண்டு வந்தன. புராணக் கதைகளுக்கு உரிமை கோருவார் இலர். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த திரைத்துறை, அச்சுத்துறை வகுத்துக்கொண்ட வேலியை முதன்முறையாக முட்டிய இடங்களுள் ஒன்று இது. நியாயம் பதிப்பகத்தின் பக்கம் இருந்தது என்று கொண்டாலும், தண்டனை அளவுக்கு மீறியது என்றே சொல்லத் தோன்றுகிறது. வருவாயில் பங்கு கேட்டிருக்கலாம். படத்தையே இருட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த இருட்டுத்தான் படத்தைக் காத்தது.

பேசாப்படங்களின் சுருள் நைட்ரேட் என்னும் வேதிப்பொருளால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றினால் நீரூற்றியும் அணையாது. தீக்குத் தப்பினாலும் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் மெல்ல மெல்ல இளகி, ஒட்டி, இறுதியில் பொடியாகிவிடும். போதாக்குறைக்கு அதன் மேற்பூச்சில் வெள்ளி இருந்தது. பேசும்படம் வந்தபின் பழைய சுருள்களை வாங்குவார் இல்லாமற்போகவே, உரிமையாளர்கள் அவற்றை வெள்ளிக்காக உருக்க விற்றனர். படமோடிய சுருள்கள் வளையலாகவும் கைப்பையாகவும் மாறியதுண்டு. ஓடும் படத்துக்கோ வேறு கேடு: ஊர் ஊராய்ச் சுற்றித் தேய்ந்து, கிழிந்து, ஒட்டுப்போட்டு, கடைசி ஊரின் கடைசிக் காட்சியோடு குப்பைக்குப் போகும். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமாகிய நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ இன்றில்லை. ‘விகதகுமாரன்’ இன்றில்லை. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேசாப்படங்களுள் எஞ்சியவை மிகச் சிலவே. எடுத்தவர் வீட்டில் இருந்த படங்கள் அழிந்தன. ஓடிச் சம்பாதித்த படங்களும் அழிந்தன. தடை பெற்றுச் சிறையிருந்த ‘மார்த்தாண்டவர்மா’ பிழைத்தது.

அதை மீட்டவர்கள் புனேயிலுள்ள இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தார். காப்பகம் 1964இல் தொடங்கப்பட்டது. அதைக் கல்மேல் கல்லாய் எழுப்பியவர் பி. கே. நாயர். அவர் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1933. ஒரே ஊரில் ஒரே ஆண்டில் உலகைக் கண்ட படமும் குழந்தையும் நாற்பதாண்டுகளுக்குப் பின் சந்தித்தன என்று ஒரு புதின ஆசிரியர் எழுதினால் மிகை எனத் தள்ளிவிடுவோம்! 1974இல் கமலாலயா புத்தகசாலையிடமிருந்து படம் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. தென்னிந்தியப் பேசாப்படம் எப்படி இருந்தது என்று அறிய விரும்பும் ஆய்வாளர்க்கு இன்று கண்ணாற் காணக் கிடைக்கும் அரிய சான்று அதுவே.

இந்தக் கண்டெடுப்பு நிகழ்ந்த காலத்தில் டேனியல் உயிரோடு இருந்தார். அகஸ்தீஸ்வரத்தில், முதுமையிலும் வறுமையிலும் இருந்தார். அவரைத் தேடிக் கண்டு, அவர் செய்ததை உலகறிய எழுதியவர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் மலையாளப் பத்திரிகையாளர். ஒரு படத்தைப் பதிப்பகம் முடக்கியது. ஒரு மனிதரைப் பத்திரிகை மீட்டது. எனினும் மீட்பு முழுமை பெறவில்லை. நலிந்த கலைஞர்க்குரிய ஓய்வூதியத்தை அவருக்குப் பெற்றுத்தர முயன்றபோது எல்லை குறுக்கே வந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்துவிட்டது. அவர் கேரளத்தவர் அல்லர் என்றாயிற்று. தமிழ்த் திரையுலகுக்கோ அவர் எடுத்தது மலையாளப் படம். தாய்த்தமிழகத்தோடு இணைய நாஞ்சில் நாட்டார் போராடியது நியாயமான போராட்டம், அதில் ஐயமில்லை. ஆனால் கோடு போடும்போது அதன்மேல் நின்றுகொண்டிருந்த சிலர் இருபக்கக் கணக்கிலும் சேராமற் போயினர். டேனியல் 1975இல் மறைந்தார். 1992இல் கேரள அரசு அவர் பெயரில் திரைத்துறையின் உயரிய விருதொன்றை நிறுவியது.

சுந்தர்ராஜ் பெயரில் விருதில்லை. அவரைப் பற்றிப் புதினமோ படமோ வரவில்லை. டேனியலுக்கு 2013இல் ‘செல்லுலாய்ட்’ என்னும் மலையாளப் படம் கிடைத்தது. ரோசியின் பெயரும் அவர் மறைந்த பல்லாண்டுகளுக்குப் பின் மெல்ல வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் அவ்விருவரின் படத்தை எவராலும் பார்க்க இயலாது. சுந்தர்ராஜின் நிலை தலைகீழானது: படம் இருக்கிறது, மனிதரைத் தெரியவில்லை. நாகர்கோவிலில் திரைப்படம் பார்க்க வரிசையில் நிற்கும் இளைஞரிடம் கலைவாணர் எந்த ஊர் என்று கேட்டால் உடனே விடை வரும். சுந்தர்ராஜ் எந்த ஊர் என்று கேட்டால் அவர் யார் என்ற கேள்வியே திரும்பி வரும்.

‘மார்த்தாண்டவர்மா’ படத்தில் கதைக்குத் தொடர்பில்லாத பகுதியொன்று உண்டு. அக்காலத்து மன்னர் சித்திரைத் திருநாள் பாலராமவர்மர் பங்குகொண்ட ஆறாட்டு ஊர்வலத்தின் உண்மைக் காட்சி அது. திரைக்கதை நோக்கில் அது ஒட்டாத துண்டு. அரச குலத்தை மகிழ்விக்கச் சேர்க்கப்பட்டதாகவே தோன்றும். இன்று பார்ப்பவர்க்கோ அத்துண்டுதான் விலைமதிப்பற்றது. நடிகர்கள் வேடமிட்டவர்கள்; ஊர்வலத்தில் தோன்றுவோர் வேடமிடாதவர்கள். சுசீந்திரம் கோயில் வீதிகளில் எல்லோரும் நடக்கலாகாதா என்று கேட்டு 1926இலும் 1930இலும் அறப்போர் நடந்து முடிந்திருந்த காலம் அது. எல்லோர்க்கும் கோயிற்கதவு திறந்த ஆணை வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அது 1936இல் வந்தது. ஊர்வலம் யார் யாருடைய கண்முன் சென்றது, எத்தனை பேர் எட்ட நிற்க வைக்கப்பட்டனர் என்பதைப் படம் எழுத்துப் பலகையில் எழுதிக் காட்டவில்லை. அந்தச் சில நிமிடங்களை மெல்ல ஓட்டி, மீண்டும் ஓட்டி, ஓரத்து முகங்களைத் தேடுவோர்க்கு அது தன்னிடமுள்ளதைக் காட்டும்.